எத்தனிப்பும் எண்ணமும்

அன்புள்ள ஐயா,

மூளையில் சில்லு பதித்துக்கொண்ட ஒருவர், கையை அசைக்காமலே கணினியில் சதுரங்கம் ஆடும் காணொளியை என் மகன் காட்டினான். அவன் வியந்தான், எனக்கு வயிற்றைக் கலக்கியது. இனி மனதுக்குள் திட்டுவதைக்கூடக் கம்பெனிக்காரன் கேட்டுவிடுவான் போலிருக்கிறதே? மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே அறை அதுதானே?
க., விருதுநகர்

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது, மூளைச் சில்லு செய்யும் நியூராலிங்க் நிறுவனம் 2024 மார்ச்சில் காட்டியதாக இருக்கும். ஆடியவர் விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்த இளைஞர். ‘குதிரையை நகர்த்தலாம்’ என்று அவர் யோசித்ததைச் சில்லு படிக்கவில்லை. கையை அசைக்கச் சொல்லி மூளை இடும் ஆணையைத்தான் பிடித்தது. தண்டுவடம் முறிந்து பல ஆண்டுகள் ஆனாலும் மூளையின் அந்தப் பகுதி ஆணையிடுவதை நிறுத்துவதில்லை. ஆக, அங்கே பதிவாவது எண்ணமல்ல, எத்தனிப்பு. அதுவும் சுலபமாக வாய்க்கவில்லை. சில்லிலிருந்து மூளைக்குள் போகும் 64 நுண்ணிழைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் மூளையிலிருந்து நழுவிவிட்டன. மென்பொருளைத் திருத்தித்தான் சமாளித்தார்கள்.

சதுரங்கத்தைவிட என்னை அசைத்தது கலிபோர்னியாவின் டேவிஸில் நடந்தது. நரம்புச் சிதைவு நோயால் பேச்சு குழறிப்போன 45 வயதுக்காரர். வீட்டில் பழகியவர்களைத் தவிர யாருக்கும் அவர் பேச்சு புரியாது. 2023இல் அவர் மூளையில் 256 மின்முனைகளைப் பதித்தார்கள். அவர் பேச முயலும்போது நாக்குக்கும் உதட்டுக்கும் போகும் ஆணைகளிலிருந்து ஒலிகளைக் கண்டுபிடித்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கியது கணினி. நோய்க்கு முந்தைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு செய்த, அவருடைய பழைய குரலிலேயே வாசித்தும் காட்டியது. முதல் நாள் திரையில் சொற்கள் சரியாக வந்தபோது மனிதர் அழுதுவிட்டார். பிறகு 1,25,000 சொற்களுக்குள் 97 சதவீதத்துக்கு மேல் துல்லியம் எட்டியது. (ஆங்கிலத்துக்கு அந்தப் பட்டியல் போதும். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்கூட’ என்பதை ஒரே சொல்லாக எழுதும் நமக்கு எத்தனை லட்சம் வேண்டுமோ!)

உங்கள் பயம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். வாயைத் திறக்க முயலாமல் மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் வாக்கியங்களையும் ஓரளவு பிடிக்க முடியும் என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள். ஆனால் அதற்கும் மண்டையைத் திறந்து மின்முனை வைத்தாக வேண்டும், அந்த ஆளின் மூளையைக் கொண்டு கணினியைப் பழக்கவும் வேண்டும். ஒரு கடவுச்சொல்லை மனதுக்குள் சொன்னால்தான் கருவி விழித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அவர்களே செய்து பார்த்திருக்கிறார்கள். விருதுநகரில் நீங்கள் மேலதிகாரியை மனதுக்குள் திட்டுவதற்கு இப்போதைக்குத் தடையில்லை.

என் கவலை வேறு. அந்த அறையில் ஒட்டுக்கேட்பவனைவிட, அதற்கு விளக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பாதியில் கழற்றிக்கொண்டு போகிறவனை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஆஸ்திரேலியாவில் 2010-11இல் நோயாளிகள் 15 பேரின் மூளையில், வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியைப் பதித்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. கையிலிருக்கும் சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மாத்திரை போட்டுக்கொள்வார். தனியாக வெளியே போகும் துணிச்சல் வந்தது. கருவியையும் தன்னையும் அவரால் பிரித்துப் பார்க்கவே முடியாமல் போனது.

பிறகு கருவியைச் செய்த நிறுவனத்திடம் பணம் தீர்ந்துவிட்டது. கருவியை எடுத்துவிடச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் மன்றாடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. எல்லோருக்கும் கடைசியாக, அவர் தலையிலிருந்தும் எடுத்தார்கள். வலிப்பு மட்டும் பழையபடி, சொல்லாமல் கொள்ளாமல் வந்தது.