துணி மடிப்பதில் என்ன சுகம்?

"அன்றாட வாழ்க்கையில் உங்களுக்கு ஆறுதலும் மகிழ்ச்சியும் தருவது எது?" என்பது கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன்: காய்ந்த துணியை மடிப்பது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள்.

இசை, பயணம், புத்தகம் என்று எழுதத்தான் முதலில் கை போனது. அவையும் பொய்யில்லை. ஆனால் பயணம் வருடத்தில் எத்தனை நாள்? கேள்வியோ அன்றாடத்தைப் பற்றியது. தினமும் நடப்பது, யாரும் பாராட்டாதது, செய்யாவிட்டால் மட்டும் கண்ணில் படுவது என்று தேடிப் பார்த்தால் எனக்கு மிஞ்சுவது இந்தத் துணிக்கூடைதான்.

வெயில் தாழ்ந்ததும் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டுவேன். குவியலின் நடுவில் கையை விட்டால் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். துண்டுகள் விறைத்துக் கிடக்கும். ஒரு உதறு உதறினால் பட்டென்று சத்தம் கேட்கும். அப்புறம் அந்த வாசனை. சோப்பு வாசனை இல்லை, அது வேறு. இது வெயிலுக்கே உரியது. வெறும் பிரமை என்றுதான் நினைத்திருந்தேன். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இதையும் ஒரு வேலையாக எடுத்து ஆராய்ந்து, 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஈரத் துண்டுகளை இருட்டான அறையிலும், நிழலிலும், நேர் வெயிலிலும் தனித்தனியாகக் காயவைத்துப் பார்த்தார்களாம். வெயிலில் காய்ந்ததில் மட்டும் பென்டனால், நோனனால் போன்ற வாசனைச் சேர்மங்கள் உண்டாகியிருந்தன. மூக்கு பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் ஒரு அற்ப சந்தோஷம்.

இதெல்லாம் எனக்குப் பிறவியிலேயே வந்த ரசனை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருடம் முன்பு வரை, ஃபோனில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டு, என்ன மடித்தோம் என்றே தெரியாமல் மடித்து வைக்கிற ஆள்தான் நானும். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வலியைவிட, சின்னச் சின்ன வேலைகள் கைவிட்டுப் போனதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. பொத்தான் போட முடியாது. பற்பசை மூடியைத் திறக்க முடியாது. சட்டையைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் மடித்துப் பார்த்தேன். அது மடித்த சட்டையாக இல்லை, சுருட்டிய சட்டையாக இருந்தது. "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று மனைவி வாங்கிக்கொண்டு போனபோது கண் கலங்கிவிட்டது. ஒரு சட்டைக்காக.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கை மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, திருப்பவே வராமல் கிடந்தது. ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து பழகச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். குழந்தை பிழிந்ததுபோல் சொட்டச் சொட்டத்தான் வரும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவினேன் பாருங்கள், அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! ஆறு வாரமாக இடது கையைக் கழுவிவிட வலது கை இல்லை. குழாயடியில் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன்.

அந்தச் சுகம் பத்து நாள் இருந்தது. பதினோராவது நாள் கை கழுவுவது வெறும் கை கழுவுவதாகிவிட்டது.

இதற்கு உளவியலில் 'ஹெடோனிக் ட்ரெட்மில்' (இன்ப ஓடுபட்டை) என்று ஒரு பெயர் இருக்கிறது. ஓடும் பட்டையின் மேல் எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல, கிடைத்த மகிழ்ச்சி பழகிப்போய் மனம் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது என்று 1971-ல் ப்ரிக்மன், கேம்ப்பெல் என்ற இருவர் எழுதினார்கள். அதே ப்ரிக்மன் 1978-ல் வேறு இருவரோடு சேர்ந்து செய்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. லாட்டரியில் பெரும் தொகை விழுந்த 22 பேரிடம், நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது, பத்திரிகை படிப்பது போன்ற சாதாரண விஷயங்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டிருக்கிறார்கள். லாட்டரி விழாதவர்களைவிட அவர்கள் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் குழாயடியில் நின்ற எனக்கு அது உடனே புரிந்தது. எனக்கு விழுந்த லாட்டரி ஒரு வலது கை. பத்து நாளில் செலவழித்துவிட்டேன்.

சரி, பழகிப்போகிற மனதை என்ன செய்வது? எல்லோரும் சொல்வதுபோல் நானும் ஒரு நோட்டு வாங்கி, தினமும் மூன்று நல்ல விஷயம் எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது வாரத்திலேயே அது வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. தூங்கப்போகும் நேரத்தில், ஐயோ இன்னும் ஒன்று எழுதவில்லையே என்று மண்டையைக் குடைந்துகொண்டு, "இன்று தலைவலி இல்லை" என்று எழுதிவிட்டுப் படுத்திருக்கிறேன். நோட்டைக் கைவிட்ட குற்ற உணர்ச்சி கொஞ்ச நாள் இருந்தது. பிறகு லியூபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2005-ல் எழுதிய ஒன்றைப் படித்தேன். வாரம் ஒருமுறை இப்படி எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்ததாம், வாரம் மூன்று முறை எண்ணியவர்களுக்கு இல்லையாம். அன்றோடு குற்ற உணர்ச்சியும் போனது.

அதனால் இப்போது எதையும் எண்ணுவதில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்கிறேன்: துணி மடிக்கும்போது ஃபோனை வேறு அறையில் வைத்துவிடுவது. கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். மனம் காலர், தையல், ஓரம் என்று கையோடு போகும். ஓடிவிட்டால் ஓடட்டும், ஜோடி கிடைக்காத காலுறை ஒன்று அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிடும். (ஜோடி எங்கே போகிறது என்பது தனிக் கேள்வியாகக் கேட்கப்பட வேண்டியது.) 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், 2,250 பேரிடம் நினைத்த நேரத்தில் ஃபோன் வழியாக, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட பாதி நேரம், துல்லியமாகச் சொன்னால் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருந்தது. இனிமையான ஒன்றை நினைத்து அலைந்தபோதுகூட, கையில் இருக்கும் வேலையில் மனம் நின்றபோது இருந்ததைவிட அதிக மகிழ்ச்சி இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பகல் கனவு எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

தினமும் மடிப்பதுமில்லை. சில சமயம் கூடை இரண்டு நாள் அப்படியே கிடக்கும். கிடக்கட்டும். இரண்டு நாள் விட்டு மடிக்கும்போதுதான் கை அதைத் தேடியிருந்தது தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். மனம் நிஜமாகவே இருண்டு கிடந்த மாதங்களும் எனக்கு உண்டு. அப்போது வெயில் வாசனை, வெதுவெதுப்பு எதுவும் உள்ளே இறங்கவில்லை. சின்ன விஷயங்களை ரசிக்கப் பழகு என்று அப்போது சொன்னவர்கள் மேல் கோபம்தான் வந்தது. அந்த நிலையில் இருப்பவருக்கு என் துணிக்கூடை உதவாது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன்.

கடைசியாகப் பெட்ஷீட். அதை மட்டும் தனியாக மடிக்க என்னால் இன்றும் முடியவில்லை, மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை. போன வாரம் எனக்கும் மனைவிக்கும் ஏதோ வாக்குவாதம். காலையிலிருந்து பேச்சில்லை. மாலையில் கூடையின் அடியில் பெட்ஷீட் கிடந்தது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். ஒன்றும் சொல்லாமல் வந்து எதிர்முனையைப் பிடித்தாள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு முனைகளைச் சேர்க்க நடந்து வர வேண்டும். வந்து என் கையிலிருந்த இரண்டு நுனியையும் வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "கீழே தொங்குது பாருங்க, அதைப் பிடிங்க."

பிடித்தேன்.