சங்கீதம் 91-உம் சுவருக்கு அந்தப் பக்கமும்

கேள்வி: கொரோனா காலத்தில் ஆலயத்தை மூடியது தவறு, இனி எந்தக் கொள்ளைநோய் வந்தாலும் மூடமாட்டோம் என்கிறார் எங்கள் போதகர். 'வாதை உன் கூடாரத்தை அணுகாது' என்று சங்கீதம் 91 சொல்லும்போது முகக்கவசமும் தடுப்பூசியும் அவிசுவாசம்தானே?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இல்லை, சகோதரி. அதே சங்கீதத்தின் அடுத்த வசனங்களைக் காட்டி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னது யார்? மத்தேயு 4-ஐத் திறந்து பாருங்கள், சாத்தான்தான். இயேசு குதிக்கவில்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று பதில் சொன்னார்.

அவர் குதித்திருந்தாலும் ஆபத்து அவர் ஒருவருக்குத்தான். தொற்றுநோய் அப்படியா? 2020 மார்ச்சில் நம் நாட்டுப் புளூம்ஃபொன்டைன் நகரில் ஒரு சபைக் கூடுகையிலிருந்து 60-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா பரவியது. ஜெபிக்க வந்த அவர்களை அவிசுவாசிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நம் ஜனங்கள் கண்ட பழைய கொள்ளைநோய் ஒன்றைச் சொல்கிறேன். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் வாழ்ந்த 'கூலி லொகேஷ'னில் பிளேக் வந்தது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து 23 நோயாளிகளைத் தனியே கிடத்தினார்கள். செய்தி கேட்டதும் ஓடிவந்தார் டாக்டர் வில்லியம் காட்ஃப்ரே, நம் நாட்டு இந்தியக் கிறிஸ்தவர். அவரும் காந்தியும் இரவெல்லாம் அவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். நகரசபை அனுப்பிய ஒரு நர்ஸ் அந்த நோயிலேயே இறந்துபோனார். துணிச்சல் என்றால் எனக்கு அதுதான் துணிச்சல்.

அப்புறம் இதையும் கவனியுங்கள். காந்தியோடு வேலை பார்த்த ரிட்ச் தானும் வருவதாகச் சொன்னபோது, அவருக்குப் பெரிய குடும்பம் இருக்கிறது என்று காந்தி தடுத்துவிட்டார். குடும்பப் பொறுப்பு இல்லாத இளைஞர்களைத்தான் கூட்டிக்கொண்டு போனார். தன் உயிரைத் தரத் துணிந்தவர், அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்க அவ்வளவு யோசித்தார். உங்கள் போதகர் யாருடைய உயிரைப் பற்றி முடிவெடுக்கிறார்? முன்வரிசையில் உட்காரும் சர்க்கரை வியாதிக்காரப் பாட்டியின் உயிரைப் பற்றி.

பாட்டி சபையைச் சேர்ந்தவராவது. உங்கள் சாட்ஸ்வொர்த்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அந்தப் பக்கம் இருப்பவர் இந்துவாக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாங்கிவரும் இருமல் திங்கட்கிழமை அவர் வீட்டுக்கும் போகும். 'எனக்குப் பிறன் யார்' என்று கேட்டவனுக்கு இயேசு காட்டியது யூதனை அல்ல, யூதர்கள் ஒதுக்கிய சமாரியனை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2020 ஜூலையில் மினிபஸ் டாக்ஸிகள் முழுக்க ஆள் ஏற்றிக்கொண்டு ஓட, ஆலயத்தில் 50 பேர்தான் என்றது நமக்கு வலித்தது. அந்தக் கோபம் நியாயம். அதை அரசாங்கத்திடம் காட்டுவோம், பாட்டியின் நுரையீரலில் வேண்டாம்.

போதகரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சபையில் 60 வயதைத் தாண்டித் தனியாக இருப்பவர்களின் பெயர்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த நோய் வரும்போது யாருக்கு யார் மாத்திரை வாங்கித் தருவது, யார் வாசலில் சாப்பாடு வைப்பது, தினமும் யார் போன் செய்து ஜெபிப்பது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டையும் சேர்த்து எழுதுங்கள்.