பொதி கொடுத்தவரும் முகம் கொடுத்தவரும்

அன்புள்ள சேர்,

விடுமுறைக்கு கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எல்லோருமாக வான் பிடித்துப் பாசிக்குடா போனோம். மருமகன் யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். செங்கலடியில் வானைத் திருப்பச் சொல்லி, பதுளை வீதிப் பக்கம் ஒரு ஊரில், கணவனை இழந்த பெண்ணொருவருக்கு அரிசி, மா, சீனி, பால்மா அடங்கிய பொதி கொடுத்தான். காற்றுச் சத்தம் விழுந்துவிட்டது என்று பொதியைத் திரும்ப வாங்கி, இரண்டாம் தரமும் கொடுத்தான். "இஞ்சால பாருங்கம்மா, உங்கட கஷ்டத்தச் சொல்லுங்க" என்றதும் அவர் அழுதுவிட்டார். அவருடைய மகள், என் மகளின் வயதுதான் இருக்கும், கதவோரம் நின்றாள். அவளும் வீடியோவில் இருக்கிறாள். பாசிக்குடாவில் என் மகள் தண்ணீரில் இறங்கவேயில்லை. "அந்தப் பிள்ளையிட்ட கேட்டா எடுத்தவங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணனோ, "நடிகர்மார் குடுக்கிறதும் கெமராவுக்கு முன்னாலதானே? வீடியோவப் பாத்துத்தான் ஆக்கள் காசு அனுப்புறாங்க" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரிக்கு,

கொஞ்சம் இருக்கிறது. கொடுத்ததை ஊருக்குக் காட்டுவது யூடியூப் கொண்டுவந்த பழக்கமல்ல. நம் கோயில்களில் உபயகாரர் பெயர் எழுதாத டியூப்லைட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கட்டிய வீடுகளிலும் கிணறுகளிலும் யார் தந்தது என்ற பலகை இருந்தது. ஆனால் டியூப்லைட்டுக்கு வெட்கம் கிடையாது. பலகையில் இருந்ததும் தந்தவரின் பெயர்தான். வாங்கியவர் அழுத படத்தை யாரும் சுவரில் பதிக்கவில்லை.

நடிகர் விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஜி.ஆர். சென்னையில் ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டுக் கொடுத்ததை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வாங்கியவர்களில் ஒருவருடைய பெயராவது அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. சனம் பார்த்தது கொடுத்தவரை. வாங்கியவர் கோட்டை மாட்டிக்கொண்டு தன் பாட்டில் போய்விட்டார். உங்கள் மருமகனைப் பார்க்க அப்படி யார் வரப்போகிறார்கள்? கோபிக்க வேண்டாம், அவர் நடிகரில்லை. அப்படியென்றால் பார்க்கிறவரைப் பிடித்து வைக்க வேறொரு முகம் வேண்டும். அந்த வேலை அந்தத் தாயின் தலையில் விழுகிறது. சம்பளம், ஒரு பொதி.

இதற்குள் ஒரு கணக்கும் உண்டு. யூடியூப்பில் விளம்பரப் பணம் வர ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், ஒரு வருடத்தில் நாலாயிரம் மணிநேரம் பார்க்கப்பட வேண்டும். அதன் பிறகும் பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே காசு. கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்க்கும் பார்வைக்கு, இங்கிருந்து பார்ப்பதைவிடப் பெறுமதி கூட. ஊரை நினைத்து ஏங்கும் அந்த ஆட்களை எது கடைசிவரை பார்க்க வைக்கும் என்று எடுக்கிறவருக்குத் தெரியும். சீனியும் மாவும் பார்க்க வைக்காது. மருமகனுக்கு இந்தக் கணக்கு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொதியைத் திரும்ப வாங்கினார் பாருங்கள், அந்த இடத்தில் அவருடைய கை பொதிக்காக வேலை செய்யவில்லை.

கெமராவே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2023 ஜனவரியில் மிஸ்டர் பீஸ்ட் என்ற அமெரிக்க யூடியூபர் ஆயிரம் பேருக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்வித்து வீடியோ போட்டபோது, விளம்பரத்துக்குச் செய்கிறார் என்று உலகமே ஏசியது. செய்யட்டுமே. பார்வை வந்த ஆளுக்கு அந்த விஷயம் அதோடு முடிந்தது. பதுளை வீதித் தாய்க்கு முடியவில்லை. பொதி இரண்டு கிழமையில் தீரும், வீடியோ கிடக்கும்.

அந்தப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அடுத்த நாள் வகுப்பில் யாரோ ஒருவன் போனைத் தூக்கிக் காட்டுவான். அதுகூடப் பரவாயில்லை. நம் மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குத்தானே போகிறது? நாளைக்கு யாரோ வெளிநாட்டுக்காரர் இந்த வீடியோவைப் பார்த்து மனமிரங்கி ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தால், அதுதான் அவளுடைய சீதன வீடு. திறப்பு விழாவும் வீடியோவாக வரும். கலியாணம் பேசி வருகிற மாப்பிள்ளை வீட்டார் வீட்டைப் பார்க்குமுன் வீடியோவைப் பார்த்திருப்பார்கள். சம்பந்தி வாயில் விழுந்தால் அது லேசில் போகுமா?

"அவங்க சம்மதிச்சாங்களே" என்று அண்ணன் சொல்லக்கூடும். பொதி கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் காசு அனுப்புகிறவர்களையும் விட்டுவிட முடியாது. "வீடியோ எங்க?" என்று கேட்பது அவர்கள்தான். ஏமாந்து பழகிய சனம், அத்தாட்சி கேட்பதில் பிழையில்லை. அத்தாட்சிக்கு எதற்கு அழுகை? அந்த ஊர்க் கடையில் கடன் கொப்பி இருக்கும். அந்தக் குடும்பத்தின் பெயரில் உள்ள கடனைக் கட்டி, முதலாளி கோடு போட்டு வெட்டுவதை எடுக்கட்டும், பெயரை விரலால் மறைத்துக்கொண்டு. பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் கடை பில்லை எடுக்கட்டும். இதை யார் பார்ப்பார்கள் என்று மருமகன் கேட்டால், அவர் எதற்காக எடுக்கிறார் என்பது அவருக்கே விளங்கிவிடும்.

சுற்றுலா இனி சுற்றுலாவாக மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் கடலுக்குப் போகிறோம் என்று கிளம்பியிருக்கிறார்கள், வழியில் இறக்கி அடுத்தவர் வறுமையைக் காட்டுவது இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

இப்போது அவசரமானது ஏற்கெனவே போட்ட வீடியோ. யூடியூப் ஸ்டூடியோவிலேயே முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதில்லை. தாயிடம் போன் பண்ணிக் கேட்டுவிட்டு அவருடையதைத் தீர்மானிக்கலாம். பிள்ளையின் முகத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம், இன்றைக்கே மறைக்கச் சொல்லுங்கள். எப்படி என்று உங்கள் மகளுக்கே தெரிந்திருக்கும், மருமகனுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வையுங்கள்.