எக்ஸ்எம்எல் படிக்க எந்தப் பார்சர்? பிழை வந்தால் எங்கே தேடுவது?

எக்ஸ்எம்எல் (XML) என்பது தகவலை டேக் என்னும் குறிகளுக்குள் எழுதும் முறை. அந்தக் கோப்பை டேக், மதிப்பு எனப் பிரித்து நிரலுக்குத் தருவதே பார்சர். அதில் இரு வகையைப் பார்ப்போம். தோவாளைப் பூச்சந்தையில் பூமூட்டையை முழுவதும் தரையில் கொட்டினால் வேண்டிய பூவை எப்போதும் எடுக்கலாம், ஆனால் இடம் வேண்டும். அது டாம் (DOM) வகை, முழுக் கோப்பும் மரமாக நினைவகத்தில் நிற்கும். மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தொடுப்பது சாக்ஸ் (SAX) வகை: இடம் மிச்சம், கடந்த பூ திரும்பாது. கோப்பு சில எம்பி (மெகாபைட்) என்றால் டாமே வசதி. நூற்றுக்கணக்கில் போனால் சாக்ஸ்தான்.

பிழை வந்தால் முதல் வரியைப் பாருங்கள். <?xml எனத் தொடங்கும் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன் ஒரு வெற்றிடம் இருந்தாலே பார்சர் நின்றுவிடும். அடுத்து, கடைப்பெயர்களில் வரும் & குறி; அதை & என்று எழுதுங்கள். பிரவுசரிலேயே உள்ள டாம்பார்சர் (DOMParser) பிழையிலும் நிற்காது. விடையில் ‘பார்சர்எரர்’ (parsererror) டேக் உள்ளதா என்று நீங்களே சோதிக்க வேண்டும்.

பிழைச்செய்தி காட்டும் வரியில்தான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். மூடாமல் விட்ட டேக் பெரும்பாலும் அதற்கு மேலே எங்கோ இருக்கும்.