பஸ் ஓட்டப் போனவருக்கு இரண்டு பக்கமா?

கேள்வி: போன இதழில் ஆர்தர் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பாடகருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நானும் இங்கிலீஷ் பாட்டு நிறையக் கேட்கிறவன்தான். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. உண்மையான திறமை இருந்தால் உலகம் எப்படியும் கண்டுகொள்ளும். பாட்டை விட்டுவிட்டு பஸ் ஓட்டப் போனவருக்கு இத்தனை இடம் எதற்கு?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உலகம் கண்டுகொள்ளத்தான் செய்தது. 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் லண்டனில் உட்கார்ந்து, தங்கள் முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். அதில் ஒன்று 'அன்னா'. எழுதியவர் ஆர்தர் அலெக்சாண்டர். மறு வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் வெளியிட்ட 'யூ பெட்டர் மூவ் ஆன்' அவருடையது. 1988-ல் பாப் டிலன் பாடிய 'சாலி சூ பிரௌன்' எழுதியதிலும் அவருக்குப் பங்குண்டு. நிறையக் கேட்கிறவர் என்கிறீர்கள். அப்படியானால் இவற்றில் ஒன்றாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். பெயர் மட்டும்தான் வந்து சேரவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் அந்த இரண்டு பக்கம்.

1940-ல் அலபாமா மாநிலத்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். ஹோட்டலில் பெட்டி தூக்குகிற வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். பக்கத்து ஊரான ஃபிளாரன்ஸில் ஒரு மருந்துக்கடை மாடியில் டாம் ஸ்டாஃபோர்ட் என்பவர் பாட்டுக் கிறுக்குப் பிடித்த பையன்களைச் சேர்த்து வைத்திருந்தார். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்கள். அங்கே போய்ச் சேர்ந்த கறுப்பு இளைஞர் ஆர்தர். கறுப்பர், வெள்ளையர் என்று பஸ்ஸில் பிரித்து வைப்பதை எதிர்த்துப் பயணம் போன ஃப்ரீடம் ரைடர்ஸ் வந்த பஸ்ஸை அதே அலபாமாவில், ஆனிஸ்டன் ஊருக்கு வெளியே கொளுத்தினார்களே, அந்த 1961-ல்தான் ரிக் ஹால் என்ற தயாரிப்பாளர் ஒரு பழைய புகையிலை கிடங்கை ஸ்டூடியோவாக்கி, இந்தப் பையன்களை வாசிக்க வைத்து 'யூ பெட்டர் மூவ் ஆன்' பாடலைப் பதிவு செய்தார். 1962-ல் அது அமெரிக்க பாப் பட்டியலில் 24-ஆம் இடம் வரை ஏறியது.

பாட்டைக் கேட்டால் ஒன்று புரியும். காதலியைத் தட்டிக்கொண்டு போக வந்த பணக்காரனிடம் ஓர் ஏழை பேசுகிறான். சண்டை இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. உன்னால் அவளுக்கு எல்லாம் வாங்கித்தர முடியும், இருந்தாலும் நீ நகர்ந்துபோவதுதான் நல்லது என்கிறான். 'அன்னா'வில் இன்னும் ஒரு படி மேலே போய், அவளே வேறொருவனிடம் போக விரும்பினால் மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போ என்று வழி விடுகிறான். ரிதம் அண்ட் புளூஸ் என்றாலே அலறலும் ஆட்டமும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கவேண்டும். தெற்கத்தி வெள்ளையர்களின் கன்ட்ரி பாட்டின் நிதானம் கறுப்பினத்து சோகத்தோடு கலந்த குரல் அது. பீட்டில்ஸ் பதிவில் ஜார்ஜ் ஹாரிசன், மூலப் பாடலின் பியானோ மெட்டை அப்படியே கிடாருக்கு எடுத்துக்கொண்டார். லெனன் தொண்டை கட்டிய குரலில் கெஞ்சுகிறார், நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆர்தர் கெஞ்சுவதில்லை. அதனாலேயே அவர் பாடும்போது கூடுதலாக வலிக்கிறது.

சரி, இத்தனை பேர் பாடியபின் பணம் எங்கே போனது? ஓர் இசைத்தட்டு விற்றால் பாட்டு எழுதியவருக்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருந்த விகிதம் பாட்டுக்கு இரண்டு சென்ட். 1909-ல் வைத்தது, 1978 வரை அசையவில்லை. அந்த இரண்டு சென்டிலும் வழக்கமாகப் பாதி, பாட்டின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பாளருக்கு. ரேடியோவில் எத்தனை முறை போட்டாலும் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம். பாடியவருக்கு அமெரிக்க ரேடியோ அன்றும் கொடுக்கவில்லை, இன்றும் கொடுப்பதில்லை. பீட்டில்ஸ் பிபிசி வானொலிக்காகப் பாடிய 'சோல்ஜர் ஆஃப் லவ்' ஆர்தர் பாடிப் பழக்கிய பாட்டு. எழுதியது வேறு இருவர் என்பதால் அதில் ஆர்தருக்கு எதுவும் கிடையாது. சொந்தப் பாடல்களிலிருந்து வந்ததும் சொற்பம்தான் என்ற ஆதங்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம்மூரில் சொல்வது இவருக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வெற்றியில் வந்த பணத்தில் ரிக் ஹால் புது ஸ்டூடியோ கட்டினார். அதுதான் அதே அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்ற ஊரின் ஃபேம் ஸ்டூடியோ. வில்சன் பிக்கெட்டும் எட்டா ஜேம்ஸும் அரீதா ஃபிராங்க்ளினும் பிற்பாடு வந்து பாடிய இடம். ஆர்தரையோ இசைத்தட்டு நிறுவனம் பக்கத்து மாநிலமான டென்னசியின் நாஷ்வில் நகருக்கு அழைத்துக்கொண்டது. அவர் பாட்டு எழுப்பிய கட்டடத்தில் அடுத்த பாட்டைப் பாட அவர் இல்லை.

அறுபதுகளின் நடுவில் உடம்பும் மனசும் கெட்டு, போதைப் பழக்கமும் சேர்ந்து, ஆஸ்பத்திரி வாசம். 1972-ல் வார்னர் நிறுவனத்தில் ஓர் ஆல்பம் வந்தது. அதில் 'பர்னிங் லவ்' என்ற பாட்டை எல்விஸுக்கு முன்பே பாடியிருக்கிறார். அதே ஆண்டு எல்விஸ் பாடி அமெரிக்காவில் இரண்டாம் இடத்துக்குப் போனது. 1975-ல் தன் பழைய பாட்டான 'எவ்ரி டே ஐ ஹேவ் டு கிரை சம்'மை மறுபடி பாடி 45-ஆம் இடம் வரை வந்தார். அப்புறம் போதும் என்று விட்டுவிட்டார். கிளீவ்லாந்தில் ஒரு சமூக நல மையத்துக்கு பஸ் ஓட்டினார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை. முப்பத்தைந்து வயது தாண்டிய மனிதர், உலகமே பாடிய பாட்டை எழுதியும் கைக்கு எதுவும் வராதபோது, நேர்மையான ஒரு வேலைக்குப் போனார். அதைத் திறமைக் குறைவுக்குச் சான்றாக நீங்கள் எடுத்துவைப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

பல வருடம் கழித்து பென் வான் என்ற தயாரிப்பாளர் அவரை மீண்டும் மைக் முன் நிறுத்தினார். டான் பென், ஸ்பூனர் ஓல்ட்ஹாம், டானி ஃபிரிட்ஸ் என்று பழைய அலபாமா சகாக்கள் வந்து வாசித்தார்கள். 1993-ல் 'லோன்லி ஜஸ்ட் லைக் மீ' ஆல்பம் வெளிவந்தது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மேடைகள் கிடைக்கத் தொடங்கின. அந்த ஜூன் மாதமே நாஷ்வில்லில் மாரடைப்பு. வயது 53. ஆல்பத்தைக் கேளுங்கள்: குரல் தேய்ந்திருக்கிறது, நிதானம் தேயவில்லை.

நீங்கள் பாட்டு கேட்கிறவர் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன். பக்கத்தைக் குறைக்கும் எண்ணம் இல்லை. அடுத்த இதழில் அந்தப் புகையிலை கிடங்கில் அவருக்குப் பின்னால் வாசித்த பையன்களைப் பற்றி எழுதுகிறோம். அதுவும் இரண்டு பக்கம்தான்.