காலேஜ் சீட்டும் ஸ்காலர்ஷிப்பும்: உங்க கேள்விகளுக்குப் பதில்

சென்னையில ஒரு கல்லூரி ஆபீஸ்ல பல வருஷமா ஸ்காலர்ஷிப் பிரிவைப் பார்த்துக்கறேன். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்: நீங்க எந்த வழியில சீட் வாங்கினீங்கங்கறதைப் பொறுத்துதான் பெரும்பாலான உதவித்தொகை. அதனால காலேஜ் பேரைப் பார்க்கறதுக்கு முன்னாடி வழியைப் பாருங்க.

கேள்வி (கொருக்குப்பேட்டை): அக்கா, நான் வீட்டு வேலை செய்யறேன். பையன் ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் கார்ப்பரேஷன் ஸ்கூல். "இன்னைக்கே பத்தாயிரம் கட்டுங்க, சீட் உறுதி, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்"னு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஆள் தினம் போன் பண்றார். கட்டிடலாமா?

பதில்: கட்டாதீங்கம்மா. உங்க பையனுக்குப் பெரிய வாய்ப்பு இருக்கு. ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கார்ப்பரேஷன் ஸ்கூலும் அதுல சேர்த்திதான். அந்த ஒதுக்கீட்டுல சேர்ற பிள்ளைங்களோட படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாத்தையும் 2021-லேர்ந்து அரசாங்கமே ஏத்துக்குது. ஆனா கவுன்சலிங் வழியா சேர்ந்தா மட்டும்தான். அந்த ஆள் சொல்றபடி நேரா பணம் கட்டினா அது மேனேஜ்மென்ட் சீட். அதே காலேஜ், அதே கிளாஸ்தான், ஆனா 7.5-ம் இல்ல, வீட்டுல முதல்ல டிகிரி படிக்கறவங்களுக்குக் கிடைக்கற முதல் பட்டதாரி ஃபீஸ் சலுகையும் இல்ல. அப்ளிகேஷன் போடத் தெரியலைன்னா கவுன்சலிங் உதவி மையத்துக்குப் போங்க, அங்கேயே போட்டுத் தருவாங்க. சாய்ஸ் குடுக்கறப்போ கிண்டி இன்ஜினியரிங் காலேஜையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் "நமக்கெல்லாம் எங்க கிடைக்கப்போகுது"ன்னு விட்டுடாதீங்க. 7.5-க்குத் தனி ரேங்க் லிஸ்ட். மேல இருக்கறதை முதல்ல போடுங்க.

கேள்வி (வியாசர்பாடி): நாங்க எஸ்.சி. மேனேஜ்மென்ட் சீட்ல சேர்ந்தாலும் பத்தாவதுக்கு மேல படிக்கறதுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் வரும்னு சொல்றாங்களே, மேடம்?

பதில்: வராது தம்பி. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், சீட்டும் மேனேஜ்மென்ட் கோட்டாவா இருக்கக் கூடாது. இன்னொண்ணு, இந்த ஸ்காலர்ஷிப்ல மத்திய அரசோட 60 சதவீதப் பங்கு இப்போ மாணவர் பேங்க் கணக்குக்கே நேரா வருது. அதுல காலேஜுக்குக் கட்ட வேண்டிய பணமும் இருக்கும். வீட்டுல வேற அவசரத்துக்கு எடுத்துடாதீங்க. அப்படி எடுத்துட்டு, செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாம ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கற பிள்ளைங்களைப் பார்க்கறப்போ மனசு தாங்காது.

கேள்வி (பெரம்பூர்): அக்கா, எங்க வீட்டுல யாருமே டிகிரி படிச்சதில்ல. பி.காம். சேரப்போறேன். முதல் பட்டதாரி சலுகை உண்டா?

பதில்: பி.காமுக்குக் கிடையாது. இன்ஜினியரிங் மாதிரித் தொழில் படிப்புல, கவுன்சலிங்ல சேர்றவங்களுக்குத்தான். ஒரு வீட்டுல ஒரே பிள்ளைக்குத்தான் கிடைக்கும். உங்க தம்பியோ தங்கையோ இன்ஜினியரிங் போற மாதிரி இருந்தா இதை இப்பவே யோசிச்சு வைங்க: நீங்க டிகிரி முடிச்சுட்டா அப்புறம் அவங்க முதல் பட்டதாரி ஆக முடியாது.

கேள்வி (ஐஸ்ஹவுஸ்): ஒரே காலேஜ், ஒரே பி.எஸ்சி. மேத்ஸ். காலையில ஒரு ஃபீஸ், மதியம் பல மடங்கு ஃபீஸ். ஏன் அப்படி?

பதில்: ஒண்ணு எய்டட், இன்னொண்ணு எஸ்.எஃப்., அதாவது சுயநிதி. எய்டட் பிரிவுல வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் குடுக்குது, அதனால ஃபீஸ் குறைவு. சுயநிதியில சம்பளம் முழுக்க உங்க ஃபீஸ்லேர்ந்துதான் வரணும். லயோலா, பச்சையப்பன், எத்திராஜ் மாதிரிப் பழைய எய்டட் காலேஜ்கள்ல ரெண்டு பிரிவும் உண்டு. டிகிரியில வித்தியாசம் கிடையாது. அப்ளிகேஷன்ல ரெண்டுக்கும் தனித்தனியா போட வேண்டியிருக்கும், எய்டடை மறக்காம டிக் பண்ணுங்க. எஸ்.எஃப்.ல இடம் கிடைச்சதும் அவசரப்பட்டுப் பணம் கட்டாம, எய்டட் லிஸ்ட் எப்போ வரும்னு கேட்டுக்கோங்க.

கேள்வி (புளியந்தோப்பு): பொண்ணுக்கு அரசு காலேஜ் போதும்னு நான் சொல்றேன். சொந்தக்காரங்க எல்லாம் மட்டமா பேசறாங்க. தனியார்ல சேர்க்கக் கடன் வாங்கணுமா?

பதில்: வாங்காதீங்கண்ணா. கடற்கரைச் சாலையில இருக்கற மாநிலக் கல்லூரி 1840-ல ஆரம்பிச்சது. 2022, 2023 ரெண்டு வருஷமும் மத்திய அரசோட தரவரிசையில நாட்டுலயே மூணாவது கல்லூரி. அதே சாலையில ராணி மேரி, பிராட்வேயில பாரதி மகளிர் கல்லூரி, அண்ணா சாலையில காயிதே மில்லத். இங்கெல்லாம் இளங்கலைக்கு டியூஷன் ஃபீஸே கிடையாது, மத்த கட்டணமும் சின்னதுதான். ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் அவ கணக்குக்கே வரும். அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சிருந்தாலும் வரும். பசங்களுக்கு 2024-லேர்ந்து இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கு. பேங்க் கணக்கோட ஆதார் இணைஞ்சிருக்கான்னு மட்டும் இப்பவே பாருங்க. சாதா பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.

கேள்வி (தண்டையார்பேட்டை): கவுன்சலிங்ல சேர்ந்தா ஃபீஸ் குறைவுதானே, ஊருக்கு வெளியில இருக்கற தனியார் இன்ஜினியரிங் காலேஜைத் தாராளமா எடுக்கலாம்ல?

பதில்: டியூஷன் ஃபீஸை மட்டும் பார்த்து எடுக்காதீங்க. ஒரு அப்பா என்கிட்ட ஒரு காலேஜோட ஃபீஸ் சீட்டைக் காட்டினார். முதல் வரி டியூஷன், அதுல சலுகை கழிச்சுக் குறைவாத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ டெவலப்மென்ட், லேப், பிளேஸ்மென்ட் டிரெய்னிங், யூனிஃபார்ம், கடைசியில பஸ் ஃபீஸ். கீழ இருந்த வரிகளோட கூட்டுத்தொகை டியூஷனைத் தாண்டிடுச்சு. சேர்றதுக்கு முன்னாடி, இப்போ ரெண்டாம் வருஷம் படிக்கற ஒரு பையனோட ரசீதை வாங்கிப் பாருங்க. அதை நாலால பெருக்கினாத்தான் உண்மையான செலவு தெரியும்.

கேள்வி (எண்ணூர்): எல்லா உதவியும் போக இன்னும் பணம் குறையுது. எஜுகேஷன் லோன் வாங்கலாமா?

பதில்: குறையற தொகைக்கு மட்டும் வாங்குங்க. நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானமோ மூணாவது ஆள் ஜாமீனோ கேட்க மாட்டாங்க. ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து வேண்டாம், ஜாமீன் மட்டும் கேட்கலாம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்து தொழில் படிப்புன்னா, படிக்கற காலத்துக்கும் அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டுற திட்டம் இருக்கு. காலேஜுக்கோ கோர்ஸுக்கோ தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தர்ற நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்போட அங்கீகாரம் இருக்கணும். லோன் மனு குடுக்கற அன்னைக்கே வட்டி மானியத்தையும் பேங்க்ல கேளுங்க, அவங்களா ஞாபகப்படுத்துவாங்கன்னு காத்திருக்காதீங்க.

கேள்வி (கொடுங்கையூர்): அட்மிஷன் போட்டாச்சு, இப்போ அரசு காலேஜ்ல இடம் வந்திருக்கு. பழைய காலேஜ்ல டி.சி., மார்க் ஷீட் தர மாட்டேங்கறாங்க.

பதில்: சரிபார்த்துட்டு அசல் சான்றிதழைத் திருப்பிக் குடுத்துடணும், பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-லயே சொல்லிடுச்சு. முதல்வர் பேருக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதுங்க, நகல்ல ஆபீஸ் சீல் வாங்குங்க. சீல் போட மறுத்தா அதையே பதிவுத் தபால்ல அனுப்பி, ரசீதோட யு.ஜி.சி.க்குப் புகார் போடுங்க. அதுக்குள்ள அரசு காலேஜ்ல போய் நிலைமையைச் சொல்லி, டி.சி. குடுக்க அவகாசம் கேட்டு எழுதிக் குடுத்துட்டு வாங்க, இடம் போயிடக் கூடாது. நாளைக்குக் காலையிலேயே போங்க.