மீட்கும் நிறமும் பூசும் நிறமும்

கேள்வி: 2018-இல் குறிஞ்சி பூத்தபோது குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் கைபேசியில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பூவை மட்டும் நிறத்தோடு விட விரும்புகிறேன். என் பெற்றோரின் 1968-ஆம் ஆண்டுக் கல்யாணப் படத்திலும் அம்மாவின் புடவைக்கு மட்டும் நிறம் கொடுத்துப் பார்த்தேன். வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை வெவ்வேறு வேலைகள். குறிஞ்சிப் படத்தில் நிறம் ஏற்கெனவே இருக்கிறது, அதை மறைத்துத் திறந்தால் போதும். கல்யாணப் படத்தில் நிறம் பதிவாகவே இல்லை.

முதலாவதற்கு, நிறமுள்ள மூலப்படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து, அதன்மேல் கறுப்பு வெள்ளையாக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை, அதாவது மூலப்படத்தைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றும் அடுக்கைச் சேர்த்து, அதன் மாஸ்க்கில் (அடுக்கின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பில்) பூவின் மீது மட்டும் கறுப்பு பிரஷ்ஷால் தடவினால் அடியிலுள்ள ஊதா வெளிப்படும். கை தவறினால் வெள்ளையால் தடவி மூடிவிடலாம். இலவச மென்பொருளான கிம்ப்பில், படத்தின் நகல் லேயரில் நிறத்தை நீக்கி, அதற்கு மாஸ்க் சேர்த்து இதையே செய்யலாம். நிறத்தைக் கொண்டு தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் மலையில் தூரத்து முகடுகளும் மூடுபனியும் நீலம் பாய்ந்தே இருப்பதால், பூவோடு அவையும் சிக்கிக்கொள்ளும். பனிக்குள் நிற்கும் பூவின் நிறத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால்தான் அது அந்த இடத்துப் பூவாகத் தெரியும்.

கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து, கிரேஸ்கேலிலிருந்து (சாம்பல் மட்டும் உள்ள முறை) ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த வண்ண முறை) மாற்றி, புதிய லேயர் ஒன்றைச் சேர்த்து அதன் பிளெண்டிங் முறையை, அதாவது அடியிலுள்ள படத்தோடு அது கலக்கும் விதத்தைக் ‘கலர்’ என்று வையுங்கள். ‘நார்மல்’ முறையில் பூசினால் துணியின் மடிப்பும் நிழலும் மறைந்துவிடும். காகிதம் ஒட்டியதுபோல் தெரிந்ததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ‘கலர்’ முறையில் நிழலும் வெளிச்சமும் பழைய படத்தினுடையவை, சாயம் மட்டுமே உங்களுடையது. ஓரங்களுக்கு மென்மையான பிரஷ் நல்லது. சரிகை மின்னும் இடங்களை வெளுப்பாகவே விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கன்னத்துக்கும் உதட்டுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டியதும் இதே வேலைதான், அவர்கள் பொறுமை நமக்கு இல்லை.

எந்த நிறம் என்பதுதான் கடினமான கேள்வி. அதைச் சாம்பல் நிறம் சொல்லாது. சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 விழுக்காடு என்று நிறத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கில், 0 முதல் 255 வரையிலான அளவுகோலில் 200 அளவுள்ள தனிச் சிவப்பும் 102 அளவுள்ள தனிப் பச்சையும் ஏறத்தாழ 60 என்ற ஒரே சாம்பலாகத்தான் விழும். அரக்குப் புடவையா பச்சைப் புடவையா என்பதை எந்த மென்பொருளும் ஊகித்துத்தான் சொல்லும். அம்மாவிடம் கேளுங்கள், புடவை இன்னும் பெட்டியில் இருந்தால், உள்மடிப்பில் வெளுக்காத பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து, ஐட்ராப்பர் கருவியால் அங்கிருந்தே நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.